காரியின் தகரக் குழாய்

மூங்கிலடிப் பள்ளத்தாக்கில் மூன்று காவல் பறவைகள் இருந்தன. நடுவில் நின்ற நாவல் மரத்தில் காரி என்ற கரிச்சான். கிழக்கே ஓடை வளைகிற இடத்தில், புங்க மரத்தில், செங்கண்ணி என்ற செம்போத்து. தெற்கே இலுப்பை மரத்தில் ஒரு குக்குறுவான். அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. நாள் முழுக்கத் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிற பறவைக்கு இன்னொரு பெயர் எதற்கு?

தரையில் நடக்கும் சிறு விலங்குகளுக்குத் தூரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. புல் மறைக்கும், புதர் மறைக்கும். புதருக்கு அந்தப் பக்கம் செந்நாய் படுத்திருந்தாலும் தெரியாது. அதனால் வெட்டவெளியைக் கடக்கும் முன் அவை நின்று, தலையைத் தூக்கி, "போகலாமா?" என்று கேட்கும். மேலே இருக்கும் பறவை சுற்றிலும் பார்த்துவிட்டு, "போ!" என்றோ "நில்!" என்றோ சொல்லும்.

அந்தக் காவலுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பதில் சொல்லும்போது யார் பெயரையும் சொல்வதில்லை. கேட்ட மறுநொடி வருகிற பதில் கேட்டவருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பெயரைச் சொல்லி நீட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். செந்நாய் அவ்வளவு நேரம் தராது.

இன்னொன்று, ஒரு காவல் பறவையின் குரல் காதில் விழுந்தால் மற்றப் பறவை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இரண்டு பதில்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கீழே நிற்பவர்களுக்கு எதுவும் புரியாது அல்லவா?

ஆனால் காத்திருக்க வேண்டிய அவசியம் அநேகமாக வந்ததே இல்லை. மரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. காரியின் குரல் புங்க மரத்தை எட்டுவதற்குள் அடங்கிவிடும். செங்கண்ணியின் குரல் நாவல் மரத்தை எட்டுவதற்குள் காற்றோடு கரைந்துவிடும். அவரவர் மரம், அவரவர் நிழல், அவரவர் பேச்சு. பள்ளத்தாக்கு அப்படித்தான் நெடுங்காலம் நடந்துவந்தது.

ஒரே ஒரு குறை இருந்தது. நாவலுக்கும் புங்கத்துக்கும் நடுவே உப்புப் பள்ளம் என்று ஒரு தாழ்ந்த இடம். அங்கே மண்ணை நக்கினால் உப்புக் கரிக்கும். குட்டி போட்ட தாய்களுக்கு அந்த மண் மேல் அப்படி ஓர் ஆசை. ஆனால் பள்ளத்தின் விளிம்பு தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் காரியின் குரல் கேட்காது. செங்கண்ணியின் குரல் மட்டும், அது தணிந்த கனத்த குரல் என்பதால், சுற்றிலும் அமைதியாக இருந்தால் மெல்லக் கேட்கும்.

இந்தக் குறையை ஒரு காலையில் முள்ளம்பன்றி வந்து காரியிடம் சொன்னது. முள்ளம்பன்றிக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது.

"ஏய் காரி! உன் குரல் பள்ளத்துக்கு வந்து சேரும்போது கொசு பாடுற மாதிரி இருக்கு!"

"கொசுவா? நான் பாடினா பருந்தே திரும்பிப் போகும், தெரியுமா?"

"பருந்து திரும்பிப் போகுது சரி. எனக்குக் கேக்கலையே! அந்தச் செம்போத்து அக்கா குரலாவது கொஞ்சம் கேக்குது."

காரிக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அது சின்னப் பறவைதான். ஆனால் தன்னைவிட நான்கு மடங்கு பெரிய காகத்தையும் தலையில் கொத்தி விரட்டும். பிளவுபட்ட நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு அது உச்சிக் கிளையில் உட்கார்ந்தால், இந்தப் பள்ளத்தாக்கையே தான்தான் தாங்கிப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பில் பாதி உண்மையும் இருந்தது. காரியின் காவலில் அதுவரை ஒரு முயல் காதுகூடக் கிழிந்ததில்லை.

இந்தப் பேச்சையெல்லாம் பாறை மேல் உட்கார்ந்து கடுவன் என்ற குரங்கு கேட்டுக்கொண்டிருந்தது. கடுவனுக்கு நாவல் பழம் என்றால் உயிர். காரி இருக்கும்வரை அந்த மரத்தில் கை வைக்க முடியாது. கை வைத்தால் மண்டையில் கொத்து விழும்.

மறுநாள் கடுவன் மூச்சு வாங்க ஒரு பொருளை இழுத்துக்கொண்டு வந்தது. ஊமத்தம்பூ மாதிரி ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் குறுகிப் போன தகரக் குழாய். மலைக் கோயில் திருவிழாவுக்குப் போன வண்டியிலிருந்து விழுந்த ஒலிபெருக்கியின் குழாய் அது.

"அண்ணே! உங்க மாதிரி ஒரு குரலுக்கு இந்த மரத்தைச் சுத்தின சின்ன வட்டம் எப்படிப் போதும்? இந்தச் சின்ன ஓட்டையில வாயை வெச்சு ஒரு தரம் பேசிப் பாருங்க!"

"இது எதுக்கு?"

"பேசிப் பாருங்கன்னு சொல்றேன்ல!"

கடுவனே குழாயை நாவல் மரத்தின் கவட்டையில் செருகி, விரிந்த வாயைக் கிழக்கே பள்ளத்தின் பக்கம் திருப்பி வைத்தது. காரி தயங்கித் தயங்கித் தலையைக் குறுகிய ஓட்டைக்குள் நுழைத்தது.

"போ!"

அந்த ஒற்றைச் சொல் பள்ளத்தைத் தாண்டிப் போய்ப் பாறைச் சுவரில் மோதி, அங்கிருந்து தெறித்து, தெற்கே இலுப்பை வரைக்கும் போய், திரும்பி வந்து காரியின் வாலையே ஆட்டியது. தன் குரல் அவ்வளவு அழகானது என்று அதற்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளத்திலிருந்து முள்ளம்பன்றி ஓடோடி வந்தது.

"கேட்டுச்சு, காரி! சுத்தமா, முழுசா, பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேட்டுச்சு!"

"கொசு மாதிரியா?"

"சேச்சே! யானை மாதிரி!"

அன்றிலிருந்து காரி குழாய் இல்லாமல் பேசவில்லை. மரத்தடியில் நிற்கிற அணிலுக்குப் பதில் சொல்வதானாலும் குழாயில்தான் சொன்னது. தலை எப்போதும் குழாய்க்குள்ளேயே இருந்ததால், பின்னால் கடுவன் கிளை கிளையாக நாவல் பழம் பறித்துத் தின்றதை அது கவனிக்கவில்லை.

சருகுமான் பூளை அந்த நாட்களில்தான் குட்டி போட்டிருந்தது. சருகுமான் என்றால் முயலளவே உள்ள மான். கால்கள் குச்சி மாதிரி இருக்கும். அதன் குரலும் அப்படித்தான், காய்ந்த இலை நொறுங்குகிற அளவுக்குத்தான் கேட்கும். இதுவரை பூளை புங்க மரத்தடியில் நின்று செங்கண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் பள்ளத்தின் ஓரத்தில் நாலு வாய் மண் நக்கிவிட்டுத் திரும்பும். இப்போது காரியின் குரல் பள்ளத்தின் நடுவிலேயே கணீரென்று கேட்டது. புங்க மரத்தடியில் நின்றாலும் செங்கண்ணியின் குரலைவிடக் காரியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

பூளை குட்டியைக் கூட்டிக்கொண்டு நாவல் மரத்தடிக்கு வந்து சொன்னது: "அண்ணா, இனிமே நான் உங்களைத்தான் நம்பியிருக்கேன். உங்க குரல் கேக்கற இடமெல்லாம் எனக்குப் பயம் இல்லை."

"தைரியமா போ, பூளை! பள்ளத்தோட அடி வரைக்கும் போ. நான் இருக்கேன்!"

குட்டி மூக்கைத் தூக்கி அந்தப் பளபளக்கும் குழாயைப் பார்த்தது. காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பத்து நாள் கழித்துச் செங்கண்ணி வந்தது. செம்போத்து அதிகம் பறக்காது. மரத்துக்கு மரம் தத்தித் தத்தி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"தம்பி, காலையிலேர்ந்து நான் வாயே திறக்கல."

"ஏன் அக்கா, தொண்டை கட்டிடுச்சா?"

"என் தொண்டை நல்லாத்தான் இருக்கு. உன் குரல் கேட்டா நான் காத்திருக்கணும். அதுதானே வழக்கம்? முன்னெல்லாம் உன் குரல் எனக்குக் கேக்காது. இப்ப நீ அணிலுக்குச் சொல்றதும் கேக்குது, ஓணானுக்குச் சொல்றதும் கேக்குது. நீ முடிப்பேன்னு உக்காந்திருக்கேன். நீ முடிக்கவே மாட்டேங்கறே. என் மரத்தடியில உடும்பு காலையிலேர்ந்து 'போகலாமா, போகலாமா'ன்னு கேட்டுக் கேட்டுத் தூங்கிப் போச்சு!"

காரி சிரித்துவிட்டது. "அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நீங்களும் ஒரு குழாய் வெச்சுக்குங்க!"

"நான் வெச்சுக்கிட்டா நீ காத்திருப்பியா?"

"நான் ஏன் காத்திருக்கணும்? உங்களைவிடப் பெரிய குழாயா வெச்சுக்குவேன்."

"அப்ப நான்?"

"நீங்க அதைவிடப் பெருசா வெச்சுக்குங்க!"

"அப்புறம்?"

மேல் கிளையிலிருந்து கடுவன், வாயில் கொட்டையோடு, "பொறாமை, அண்ணே!" என்றது. செங்கண்ணி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தத்தித் தத்திப் போய்விட்டது.

குக்குறுவானோ புகார் சொல்ல வரவில்லை. அதன் வழி வேறு. இலுப்பை மரத்தில் உள்ளே கூடாகிப் போன ஒரு பெரிய கிளை இருந்தது. அந்தப் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, காத்திருக்கும் வழக்கத்தையும் காற்றில் விட்டுவிட்டு, "குக்! குக்! போ! நில்!" என்று அடிக்க ஆரம்பித்தது. பொந்து பானை மாதிரி அதிர்ந்தது.

"என்ன மாப்பிள்ளை, உன் குழாய் தகரம்தானே? என்னுது அசல் இலுப்பை!" என்று அங்கிருந்தபடியே கேலி வேறு.

காரி தொண்டையை இன்னும் உயர்த்தியது. குக்குறுவான் இன்னும் ஓங்கியது. காரி அதற்கும் மேலே போனது. இரண்டு மரங்களுக்கும் நடுவே மேய்ந்த முயல்கள் காதை மடக்கிக்கொண்டு வளைக்குள் போய்விட்டன. காரிக்கு அது தெரியாது. தகரத்துக்குள் தலையை வைத்துக் கத்துகிறவருக்குத் தன் குரல்தான் கேட்கும்.

மறுபடியும் முள்ளம்பன்றி வந்தது. இந்தத் தடவை முட்களெல்லாம் சிலிர்த்து நின்றிருந்தன.

"பள்ளத்துலேர்ந்து மூணு தரம் கேட்டேன். ஒரு பதிலும் இல்லை!"

"என் குரல் உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு. காது வலிக்கற மாதிரி கேட்டுச்சு."

"அப்புறம் என்ன குறை?"

"என் குரல் உனக்குக் கேட்டுச்சா?"

காரி தலையைக் குழாயிலிருந்து வெளியே எடுத்தது. இந்தக் கேள்வியை அது யோசித்ததே இல்லை. குழாய் இருப்பது தன்னிடம். முள்ளம்பன்றியிடம் எந்தக் குழாயும் இல்லை. அதன் குரல் நேற்று எவ்வளவு தூரம் வந்ததோ அவ்வளவு தூரம்தான் இன்றைக்கும் வரும்.

"அண்ணே, யோசிக்காதீங்க!" என்றது கடுவன். "இதுக்கு ஒரு வழி இருக்கு. இன்னும் பலமா கத்துங்க!"

"நான் கத்தினா அதோட குரல் எனக்கு எப்படிடா கேக்கும்?"

"அதெல்லாம் கேக்கும்! குழாயோட வாயை இன்னும் கொஞ்சம் தூக்கி வெச்சா சரியாயிடும்!"

காரிக்கு அந்த யோசனை சரியாகப் படவில்லை. ஆனாலும் குழாயை விட மனம் வரவில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் தன் பேச்சாக இருந்த அந்த இன்பம் லேசில் போகிறதா? முள்ளம்பன்றியிடம், "நீ கொஞ்சம் சத்தமா கேட்டுப் பழகு!" என்று சொல்லி அனுப்பிவிட்டது. இரவு வரை அந்தக் கேள்வி மட்டும் அதன் உள்ளே எங்கோ கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகல். ஈரமண்ணில் உப்பு கசிந்து மேலே வந்திருந்தது. பூளை குட்டியோடு உப்புப் பள்ளத்தின் அடியில், ஒரு காரைப் புதருக்குள் நின்றது. வெட்டவெளியின் நடுவில்தான் நல்ல மண். பூளை தலையைத் தூக்கியது.

"போகலாமா, அண்ணா?"

அந்தக் குரல் பள்ளத்தின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை.

அதே நேரத்தில் நாவல் மரத்தடியில் ஒரு மயில் நின்று, "போகலாமா?" என்று கேட்டது. காரி சுற்றும் முற்றும் பார்த்தது. மயிலின் வழியில் எதுவும் இல்லை. தலையைக் குழாய்க்குள் விட்டு, "போ!" என்றது.

பள்ளத்தில் பூளையின் காதில் அந்தப் பதில் கணீரென்று விழுந்தது. கேட்ட மறுநொடி வந்த பதில். அது தனக்குத்தான் என்று பூளை எண்ணியதில் என்ன தவறு? குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு அது வெட்டவெளிக்கு வந்தது.

காரி ஒரு தும்பியைப் பிடிக்க உச்சிக் கிளைக்கு எழும்பியது. அங்கிருந்துதான் பார்த்தது. வடக்கு மேட்டிலிருந்து மூன்று செந்நாய்கள், ஒன்றன் பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல் உப்புப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. பள்ளத்தின் நடுவே பூளையும் குட்டியும்.

"இதை யார் போகச் சொன்னது?" என்று காரி திடுக்கிட்டது.

அடுத்த கணமே அதற்கு விடை தெரிந்துவிட்டது.

அது குழாய்க்குள் பாய்ந்தது. "நில்! நில்! நில்!"

செங்கண்ணி இதை எப்போதோ பார்த்துவிட்டிருந்தது. காரியும் குக்குறுவானும் முடிக்கட்டும் என்று இவ்வளவு நேரமும் காத்திருந்து, இனிக் காத்திருந்தால் குட்டி போய்விடும் என்று தெரிந்து, வாழ்நாளில் முதல் தடவையாக வழக்கத்தை மீறி அதுவும் குரல் கொடுத்தது. அதே நேரத்தில் தெற்கே குக்குறுவான் தன் மரத்தடிக் கீரிக்கு, "போ! போ!" என்று பொந்து அதிரச் சொல்லிக்கொண்டிருந்தது.

பூளையின் காதில் எல்லாம் சேர்ந்து விழுந்தது. நில், போ, பின்னால், போ, நில், பாறை, போ. ஒன்று ஆரம்பித்த சொல்லை இன்னொன்று நடுவில் உடைத்தது. பாறைச் சுவர் வேறு ஒவ்வொன்றையும் இரண்டாகத் திருப்பி அனுப்பியது. பூளை ஓர் அடி முன்னால் வைத்தது. இரண்டடி பின்னால் வைத்தது. குட்டி தாயின் கால்களுக்கிடையில் ஒண்டிக்கொண்டது.

"ஏன் நிக்கிறே? ஓடு! இல்லை, நில்லு! ஐயோ!" காரி தொண்டை கிழியக் கத்தியது. காரி ஓங்க ஓங்க, குக்குறுவானும் ஓங்கியது.

"இன்னும் பலமா, அண்ணே! இன்னும் பலமா!" என்றது கடுவன்.

காரி வெளியே தலையை எடுத்துப் பார்த்தது. முதல் செந்நாய் பள்ளத்தின் தரையைத் தொட்டுவிட்டது. பூளையோ நாவல் மரத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. அதன் காதுகள் இரண்டும் புங்க மரத்தின் பக்கம் திரும்பியிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ இருக்கிற செங்கண்ணியின் குரலைப் பிடித்துவிட அது தவித்துக்கொண்டிருந்தது. குழாய் இல்லாமலே பள்ளத்தில் கேட்கக்கூடிய குரல் அது ஒன்றுதான். வழி தெரிந்த குரலும் அது ஒன்றுதான். அதை அடியில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தது காரி.

காரி வாயை மூடியது.

தன்னை நம்பிய ஒரு தாயும் குட்டியும் சாவின் முன்னால் நிற்கும்போது பேசாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று காரிக்கு அப்போது தெரிந்தது. ஆனால் அது பேசவில்லை. குழாயை ஓர் உதை விட்டது. குழாய் கவட்டையிலிருந்து கழன்று, கிளைகளில் மோதி, கீழே முட்புதரில் விழுந்து அடங்கியது.

தெற்கே குக்குறுவானுக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டிக்கு எதிர்க்குரல் இல்லை. "என்ன மாப்பிள்ளை, தோத்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் அதுவும் நிறுத்தியது.

பள்ளத்தாக்கில் பல நாட்களுக்குப் பிறகு அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் செங்கண்ணியின் தணிந்த குரல் மெல்ல இறங்கி வந்தது.

"பூளை! ஓடாதே. உன் இடப்பக்கம் பாறை. பாறைக்குக் கீழே இடுக்கு. குட்டியை முதல்ல உள்ளே தள்ளு. அப்புறம் நீ நுழை."

சொல்லச் சொல்லப் பூளை செய்தது. செந்நாய் பாய்ந்தது. அதற்குள் குட்டி இடுக்குக்குள் போயிற்று. பூளையின் பின்னங்கால்கள் மட்டும் இன்னும் வெளியே இருந்தன.

அப்போதுதான் நாவல் மரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. காரி நேராகச் செந்நாயின் கண்ணுக்கு மேல் ஒரு கொத்துக் கொத்தியது. செந்நாய் திமிறித் தலையைத் திருப்பி ஒரு கவ்வு கவ்வியது. அதன் வாயில் ஒற்றை வால் இறகு மட்டும் மிஞ்சியது. அந்த ஒரு நொடிக்குள் பூளையின் கால்கள் இடுக்குக்குள் மறைந்துவிட்டன.

செந்நாய்கள் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தன. மோந்து பார்த்தன. சருகுமான் நுழைகிற இடுக்கில் செந்நாயின் மூக்குகூட நுழையாது. கடைசியில் அவை வந்த வழியே போய்விட்டன.

செங்கண்ணி, "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் பூளை வெளியே வந்தது. காரி பாறை மேல், பிளவுபட்ட வாலில் ஒரு பக்கம் இல்லாமல், உட்கார்ந்திருந்தது.

"பூளை, அது என் தப்பு. அந்தப் பதில் உனக்கு இல்லை. மயிலுக்கு."

பூளை குட்டியை நக்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டது: "நான் கேட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா, அண்ணா?"

"இல்லை."

"ஒரு நாளும் கேக்கலையா?"

"ஒரு நாளும் கேக்கலை," என்றது காரி.

பூளை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடக் காரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வாலுக்கு மருந்து போட்டுக்குங்க, அண்ணா. இனிமே நான் செங்கண்ணி அக்காகிட்டயே கேட்டுக்கறேன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் குட்டியோடு புங்க மரத்தின் பக்கம் நடந்தது.

மறுநாள் காலை காரி தெற்கே பறந்துபோய்க் குக்குறுவானிடம், "நீயும் பொந்தை விட்டு வெளியே வா!" என்றது.

"உன்னால முடியலைன்னா நான் ஏன் வரணும்?"

"உன் மரத்துப் பக்கம் முயல் மேயுதா, பாரு!"

குக்குறுவான் கீழே பார்த்தது. ஒரு முயலும் இல்லை. தன் மரத்தடி இவ்வளவு வெறிச்சென்று இருப்பதை அது அப்போதுதான் கவனித்தது. முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தது.

பிறகு காரி செங்கண்ணியிடம் போனது.

"அக்கா, பேச வாய் வரலை. மன்னிச்சுக்குங்க."

"குழாய் இல்லாம நீ பேசறதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! நல்லாத்தான் இருக்கு உன் குரல். உக்காரு."

"ஆனா பள்ளத்துக்கு என்ன செய்யறது? உங்க குரலும் அங்கே அரைகுறையாத்தான் போகுது. காத்து கொஞ்சம் மாறினா அதுவும் போகாது. அங்கே கேக்கறது நம்ம ரெண்டு பேருக்கும் கேக்காது."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். குறை இருக்கறது நிஜம்தானே? முள்ளம்பன்றி சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே!"

காரி அன்று முழுவதும் உப்புப் பள்ளத்திலேயே சுற்றியது. புதர் புதராக உட்கார்ந்தது. பேசவில்லை, வெறுமனே காதைக் கொடுத்துக் கேட்டது. காரைப் புதரின் நடுவில் இரண்டு இலைகளை நாரால் தைத்துக் கட்டிய ஒரு கூடு தெரிந்தது. அதன் பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஒரு தையல்சிட்டு, "டுவீட், டுவீட்" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, உன் குரல் எவ்வளவு தூரம் போகும்?"

தையல்சிட்டு வெட்கப்பட்டது. "என்னையா கேக்கறீங்க? இந்தப் பள்ளத்தோட விளிம்பு வரைக்கும்தான் போகும், அண்ணா. அதுக்கு மேல போகாது. எங்க அம்மா குரலும் அப்படித்தான்."

"அதுக்கு மேல கொஞ்சம்கூடப் போகாதா?"

"என்ன கத்தினாலும் போகாது."

"அதுதான் வேணும்!" என்று துள்ளியது காரி. "பள்ளத்துல ஒரு முள்ளம்பன்றி மெதுவா கூப்பிட்டா உனக்குக் கேக்குமா?"

"முள்ளம்பன்றியா? அது மூச்சு விட்டாலே கேக்கும்!"

இப்படித்தான் பள்ளத்தாக்குக்கு நான்காவது காவல் பறவை வந்தது. தையல்சிட்டுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாளே அதிகாரம் வந்துவிட்டது. "அங்கேயே நில்! நில்லுன்னா நிக்கணும்! முள்ளு இருந்தா பெரிய ஆளா நீ?" என்று முள்ளம்பன்றியை அது மிரட்டுகிற மிரட்டலைக் கேட்டுப் பள்ளத்து ஓணான்கள் சிரித்தன.

கடுவன் பழைய நினைப்பில் நாவல் மரத்தில் ஏறியது. காரியின் தலை இப்போது எந்தத் தகரத்துக்குள்ளும் இல்லை. மண்டையில் விழுந்த முதல் கொத்திலேயே கடுவன் ஓடை வரைக்கும் உருண்டு போனது.

கார்காலம் முடியும் சமயத்தில் ஒரு காலை, பூளை குட்டியோடு உப்புப் பள்ளத்துக்கு மறுபடி போனது. காரைப் புதரின் ஓரத்தில் நின்று, காய்ந்த இலை நொறுங்குகிற அந்தக் குரலில், "போகலாமா?" என்று கேட்டது. தையல்சிட்டு நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, "போ!" என்றது. குட்டி முதலில் ஓடியது, தாய் பின்னால் போனது.

நாவல் மரத்தில் இருந்த காரிக்கு அந்தக் கேள்வியும் கேட்கவில்லை, பதிலும் கேட்கவில்லை. புங்க மரத்தில் செங்கண்ணிக்கும் கேட்கவில்லை. அதனால் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவரவர் மரத்தடியில் கேட்டவர்களுக்கு அவரவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் பூளையின் குட்டி மண்ணை நக்குவது மட்டும் காரியின் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தது. காரி ஒற்றை வாலை ஒரு முறை ஆட்டிவிட்டு, கீழே நின்ற அணிலிடம், அதற்கு மட்டும் கேட்கும்படி, "போ!" என்றது.

மறுமொழி வந்து சேராத தூரத்துக்குத் தன் குரலை ஓங்கி அனுப்புகிறவர், தூரத்தில் இருப்பவருக்கு உதவாததோடு, பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சையும் கெடுத்துவிடுகிறார்.